ஏழாம் எண் அச்சு

என் வீட்டுக்காரர் பல் செட் செய்கிறவர். டாக்டர் இல்லை, டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சை வைத்துப் பின்னறையில் உட்கார்ந்து பல் கட்டுகிறவர். மயிரிழை பிசகினாலும் உடைத்துவிட்டு மறுபடி செய்வார். அதனால் தொழிலில் அவருக்குக் ‘கறார்’ என்று பட்டப்பெயர். அந்தக் கறாரைப் பொய் சொல்ல வைத்த புண்ணியவதி நான்தான்.

வருஷத்துக்கு ஒருமுறை வெளிநாட்டுக்குப் போய் இலவசமாக வைத்தியம் பார்க்கிற குழு ஒன்று, போன வருஷம் இவரையும் கூட்டிக்கொண்டு போனது. வழியனுப்பும்போது நான் கேட்டது ஒன்றே ஒன்று. “ஏங்க, அங்க கண்ணாடிக் கிண்ணம் நல்லா இருக்குமாம். ஆறு வாங்கிட்டு வாங்க.”

அங்கே பதினோரு பேருக்கு அச்சு எடுத்து, பிளாஸ்டர் ஊற்றி, எண் போட்டு வைத்தார். ஏழாம் எண், சந்தையில் துணி விற்கும் ஒரு அம்மா. மேல்வாயில் மிச்சம் இருந்தது நாலே பல். அச்சு எடுத்த கையோடு, “இனி இது வேண்டாம், ஒரு மாசத்துல முழு செட்டும் தபால்ல வந்துடும்” என்று சொல்லித்தான் அந்த நாலையும் டாக்டர் பிடுங்கினார்.

“அச்சுப் பெட்டி உங்க மடிய விட்டு இறங்கக் கூடாது” என்று குழுத் தலைவி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் கைப்பையில் அச்சு, கிண்ணம் இரண்டுக்கும் இடமில்லை. பெண்டாட்டி வாய்க்குப் பயந்த மனுஷன், அச்சுகளைத் துணிப்பெட்டிக்குள் திணித்துவிட்டுக் கிண்ணங்களை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஆறு கிண்ணமும் பத்திரம். ஏழாம் எண் மட்டும் தூள்.

“தலைவியம்மாகிட்ட சொல்லிடறேன்” என்றார்.

“சொல்லி? உடைஞ்சது ஒட்டிக்கவா போகுது? கடல் தாண்டி இருக்கறவங்க நம்மள எங்க தேடி வரப்போறாங்க? பேசாம விடுங்க.”

விட்டார். பத்து செட் தபாலில் போயின. தலைவி போனில் கேட்டபோது, “எல்லாம் அனுப்பியாச்சும்மா” என்றார். முகத்தில் ஈயாடவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள்; எங்கள் வீட்டில் இரண்டு நெஞ்சு குறுகுறுத்தது. அந்தக் கிண்ணங்களில் நாங்கள் ஒரு நாள்கூடச் சாப்பிடவில்லை.

இந்த வருஷமும் குழு அதே ஊருக்குக் கிளம்பியது; பேர் பதிய ஆள் வேண்டும் என்றார்கள். இவரோடு நானும் கிளம்பினேன். அந்த அம்மா வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேதான் போனேன்.

இரண்டாம் நாளே வந்தார். ஒரு கையால் வாயை மறைத்துக்கொண்டு, மறு கையால் பழைய சீட்டை நீட்டினார். ஏழு. இவர் யாருக்கோ அச்சு மாவு கலக்கிக்கொண்டிருந்தார். சீட்டைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

மொழிபெயர்க்க வந்திருந்த டீச்சர் சொன்னார். “மன்னிச்சுக்கங்கன்னு சொல்றாங்க. வாரா வாரம் தபாலாபீஸ் போய்ப் பார்த்தாங்களாம். விலாசம் எழுதினது இவங்க பொண்ணு. தப்பா எழுதிட்டாளாம். உங்க உழைப்பு வீணாப் போச்சேன்னு வருத்தப்படறாங்க.”

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா, தப்பித்தோம் என்று தோன்றியது. “ஆமான்னு தலையாட்டிடுங்க” என்று நானே முணுமுணுத்தேன். வெட்கக்கேடு.

இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு டீச்சரிடம், “நான் அனுப்பவே இல்லம்மா. அச்சு உடைஞ்சுபோச்சு. யார்கிட்டயும் சொல்லாம மறைச்சிட்டேன்னு சொல்லுங்க” என்றார். கிண்ணத்தைப் பற்றியோ என்னைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்த அம்மா வாயிலிருந்து கையை எடுத்துவிட்டார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அப்போ என் பொண்ணு எழுதினது தப்பில்லையா?”

“தப்பில்லம்மா. தப்பு என்னோடது.”

அந்த அம்மா போனைத் தேடி எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். ஒரு விலாசம்கூட உருப்படியாக எழுதத் தெரியாதா என்று அந்த அம்மா கத்தியதில் மகள் வீட்டை விட்டுப் போய்விட்டாளாம். எட்டு மாதமாகப் பேச்சு இல்லையாம். டீச்சர் சொல்லி முடிப்பதற்குள் கலக்கிய மாவு கோப்பையிலேயே இறுகிவிட்டது. இவர் அதைச் சுரண்டிக் குப்பையில் போட்டார்.

ஜன்னல் வழியே பார்த்தேன். போன் காதில் இருந்தது. அந்தப் பக்கம் எடுக்கவில்லை. மறுபடி எண்ணை அழுத்தினார். மறுபடியும்.

நான் பதிவேட்டை மூடிவிட்டு டீச்சர் கையைப் பிடித்தேன்.

“வாங்க டீச்சர். அவங்ககிட்ட இன்னொன்னு சொல்லணும். அந்த அச்சு எதனால உடைஞ்சதுன்னு.”