வேறு வருஷத்துக் கோட்டை

ஃபிலிப்பா கார்சைட் மாதிரி முன்ஜாக்கிரதைக்காரி எங்கள் பார்ன்ஸ்லி ஊர் முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டாள். வெயில் கொளுத்துகிற நாளிலும் பையில் குடை இருக்கும். பஸ் டிரைவர் மகள். புருஷன் விட்டுப் போய் வெகு காலமாயிற்று, பிள்ளைகள் கிடையாது. எங்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சர். அவள் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்து உதவுகிற வேலை எனக்கு. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவளுக்கு எப்படிச் சறுக்கியது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

பெரிய பரீட்சை பதினாறு வயதில். அதற்கான பாடங்களைப் பதினாலில் தொடங்குவதுதான் எங்கள் வழக்கமாக இருந்தது. புதிதாக வந்த தலைமையாசிரியர் வின்டல் ஒரு சாயங்காலம் எல்லோரையும் கூட்டி, "இனிமே ஒரு வருஷம் முன்னாடியே ஆரம்பிக்கிறோம்" என்றார். அப்படியென்றால் பன்னிரண்டு வயதிலேயே பிள்ளைகள் பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றதுக்கெல்லாம் அதோடு முழுக்கு.

ஃபிலிப்பா எழுந்தாள். "பன்னெண்டு வயசுப் புள்ளைக்கு மத்தியானம் சிப்ஸ் வேணுமா பீன்ஸ் வேணுமான்னே முடிவு பண்ணத் தெரியாது. அதுகிட்டப் போய் வாழ்க்கையப் பத்திக் கேக்குறீங்களே, நியாயமா?"

"உணர்ச்சிவசப்படாதீங்க ஃபிலிப்பா. பக்கத்துப் பள்ளிக்கூடம் எல்லாம் ஆரம்பிச்சாச்சு."

அதோடு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இன்னொரு வார்த்தை பேசியிருக்கலாம் அல்லவா? அதைவிட மோசம் பிறகு நடந்தது. சரித்திரத்துக்குப் போதிய பிள்ளைகள் சேராவிட்டால் வகுப்பையே எடுத்துவிடுவோம் என்று வின்டல் சொல்லிவிட்டார். உடனே இவள் பிள்ளைகள் பாடம் தேர்ந்தெடுக்க வருகிற சாயங்காலத்தில் கூடத்தில் மேசை போட்டு, அட்டையில் கோட்டை செய்து வைத்து, கிண்ணம் நிறைய டாஃபியும் வைத்துக்கொண்டு ஆள் பிடிக்க உட்கார்ந்தாள். வேண்டாம் என்றவளே வியாபாரத்தில் இறங்கிவிட்டாள்!

நான் உதவுகிற பிள்ளைகளில் ஒருத்தியான டீகன் அன்றைக்கு, சூப்பர்மார்க்கெட்டில் கல்லாவில் வேலை பார்க்கிற அம்மாவோடு வந்திருந்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பெண். ஆனால் சமைப்பாள். அந்த வயதிலேயே வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இறைச்சி ரோஸ்ட்டும் கிரேவியும் அவள் கைப்பாகம்தான். நேராகச் சமையல் பாட மேசைக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். சமையலும் சரித்திரமும் ஒரே நேரத்தில் நடக்கிற பாடங்கள், இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம்.

"டீகன், இங்க வா செல்லம்" என்று கூப்பிட்டாள் ஃபிலிப்பா. "சரித்திரம் எடுத்தா நெஜக் கோட்டைக்கே கூட்டிட்டுப் போவேன். சமையல எங்க வேணா கத்துக்கலாம்."

டீகன் அம்மாவைப் பார்த்தாள். "டீச்சரே சொல்றாங்கல்ல, எடுடீ" என்றாள் அம்மா. முடிந்தது கதை.

எங்கள் சரித்திரப் பாடத்தில் ஒரு பகுதி உண்டு. தேர்வு வாரியம் ஒரு பழைய இடத்தைக் குறிப்பிடும், அதைப் பற்றி ஒரு பெரிய கேள்வி வரும். வருஷத்துக்கு வருஷம் இடம் மாறும். செப்டம்பரில் தொடங்குகிற வகுப்புக்கு, இரண்டு கோடை தள்ளி வரும் பரீட்சைக்கு எந்த இடமோ அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இந்த இரண்டு வருஷக் கணக்கு ஃபிலிப்பாவின் ரத்தத்திலேயே ஊறியிருந்தது. அந்த செப்டம்பரிலோ பதினாலு வயது வகுப்பும் பதிமூன்று வயது வகுப்பும் ஒரே நாளில் தொடங்கின. இரண்டுக்கும் ஒரே பாடத்தை எடுத்தாள், ரேவன்ஸ்கிளிஃப் கோட்டை. சின்னவர்களுக்குப் பரீட்சை மூன்று வருஷம் கழித்து என்பது அவள் புத்திக்கு எட்டவே இல்லை.

கோட்டைக்குப் போன நாளில் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. பையன்கள் சுவரிலிருந்த கழிப்பறை ஓட்டையைச் சுற்றி நின்று கெக்கலித்தார்கள். டீகன் மட்டும் சமையலறையிலிருந்து விருந்துக் கூடம் வரை நடந்து நடந்து பார்த்தாள்.

"இவ்ளோ தூரம் தூக்கிட்டுப் போனா சோறு ஆறிப்போயிருக்குமே மிஸ்? பிரபு பச்சத்தண்ணி மாதிரி சூப்பைத்தான் குடிச்சிருப்பாரு, பாவம்!"

ஃபிலிப்பா அதைப் பரீட்சையில் எழுதச் சொன்னாள். டீகனும் எழுதி எழுதிப் பழகினாள். எழுதப் பயந்தவள் கோட்டை என்றால் பக்கம் பக்கமாக எழுதுவாள். அந்தப் பகுதி கைக்குள் வந்துவிட்டது என்று மற்றதைப் படிக்கப் போனோம்.

மூன்றாம் வருஷம், பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தபோது, ஈஸ்டர் லீவுக்கு முன்னால், மாதிரி வினாத்தாளை நகலெடுக்கப் போன ஃபிலிப்பா வெளிறிய முகத்தோடு திரும்பி வந்தாள். நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன்.

"பெவ், புள்ளைங்க கழுத்த அறுத்துட்டேன்."

"என்ன உளர்ற?"

"கோட்டை போன வருஷப் பரீட்சையோட போச்சு. இவங்களுக்கு ஏதோ மாளிகையாம். அதப் பத்தி ஒரு வார்த்த சொல்லிக்குடுக்கல."

வகுப்பில் அவளே சொன்னாள், மழுப்பவில்லை. ஒரு பையன், "மூணு வருஷமா தப்பான வீட்டுக் கதவத் தட்டிட்டிருந்தோமா?" என்றான். சிரிப்பு. டீகன் சிரிக்கவில்லை. டவுன் கல்லூரியில் சமையல் படிப்புக்கு ஐந்து பாடம் தேற வேண்டும். நான்கு எப்படியோ தேறும், ஐந்தாவது சரித்திரம் என்றுதான் அவளும் நாங்களும் கணக்குப் போட்டிருந்தோம்.

லீவு முழுக்க வகுப்பு வைத்தாள் ஃபிலிப்பா. கெட்டிக்காரப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். டீகனுக்கு மாளிகை மண்டையில் ஏறவில்லை. "இடமே இல்ல மிஸ், எல்லா ரூம்லயும் கோட்டைதான் இருக்கு" என்றாள். வாரியத்துக்கு எழுதிப் பார்த்ததற்குச் சொல்லிக்கொடுப்பது பள்ளியின் பொறுப்பு என்று பதில் வந்தது. வின்டலோ, "ஒரு ஆள்தான் கோட்டை விட்டுது, திட்டத்துல குறை இல்ல" என்றார். அந்த மனுஷனை நான் அன்றைக்குக் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. ஃபிலிப்பா என்னை அடக்கினாள். "அவர் சொல்றது சரிதான் பெவ். அவளச் சமையல் மேசைக்குப் போகவிடாம இழுத்தவ நான்தான."

ஆகஸ்டில் முடிவு வந்தது. நான்கு தேறியிருந்தன. சரித்திரம் ஒரே ஒரு கிரேடு குறைந்ததில் போயிற்று. கல்லூரியில் ஆரம்ப வகுப்பில் ஒரு வருஷம் இருந்துவிட்டு வா என்று சொல்லிவிட்டார்களாம். கூடத்து வாசலில் ஃபிலிப்பா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"டீகன், உம் மேல அக்கறைல கூப்பிடல நான். வகுப்புக்கு ஆள் குறைஞ்சுது, அதான் கூப்பிட்டேன். உன் ஒரு வருஷம் என்னாலதான் போச்சு."

ஒரு திட்டு விழும் என்று காத்திருந்தாள். விழுந்திருந்தால் அவளுக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். டீகன் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"விடுங்க மிஸ். ஒண்ணு கேக்கணும். எந்தம்பி வர்ற வருஷம் பாடம் எடுக்கணும். எத எடுக்கறதுன்னு அவனுக்கும் தெரியல, அம்மாவுக்கும் தெரியல. நீங்க சொன்னா அதையே எடுப்பான்."

"என்னைக் கேக்காத செல்லம்."

டீகன் நிஜமாகவே குழம்பிப்போய் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"பின்ன யாரக் கேக்கறது மிஸ்?"