மோரில் விழுந்த இரண்டாவது கோடு

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை, செம்பாக்கத்திலிருந்து தாம்பரம், குன்றத்தூர், ஊரப்பாக்கம் என்று ஒரே நாளில் சுற்றி வந்தேன். கூட வந்தவள் என் பேத்தி யாழினி, எட்டு வயது. கைப்பையில் சாப்பாட்டைச் சோதிக்கும் மூன்று குச்சிகள் இருந்தன. கோதுமை ஆகாத பிள்ளையை வெளியே கூட்டிப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். போனில் பேசினால் அது எழுதிக்கொள்கிறது, தப்பை மகன் திருத்துகிறான்.

கோதுமையில் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறதாம். அது யாழினியின் குடலுக்கு ஆகாது என்று ஒரு வருஷத்துக்கு முன் டாக்டர் கண்டுபிடித்தார். அன்றே சப்பாத்தி, ரவை, பிஸ்கட் எல்லாவற்றையும் வீட்டைவிட்டு ஒழித்தேன். ஆனாலும் வயிற்று வலி போகவில்லை, எடை ஏறவில்லை. ஏப்ரலில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "எங்கேயோ கோதுமை உள்ளே போய்க்கிட்டுதான் இருக்கு. இப்படியே போனா பிள்ளை வளராதும்மா" என்றார் டாக்டர்.

எங்கே என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மருமகளின் அம்மா வீடு ஊரப்பாக்கத்தில். மாதம் இரண்டு ஞாயிறு பிள்ளை அங்கே போவாள். அந்தச் சம்பந்தியம்மாவை எனக்கு ஆகாது. பதினோரு வருஷத்துக்கு முன் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அம்மாவை, என்னை, இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தார். என் இலைக்குப் பாயசம் வரவில்லை. போன கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது போன் செய்து, எனக்கே சமையல் சொல்லித்தரப் பார்த்தார். பாதியிலேயே வைத்துவிட்டேன். எனக்கு மறதி கிடையாது.

இப்போது யாழினி, லீவு முழுக்க ஊரப்பாக்கத்தில் இருக்கிறேன் என்று அழுதாள். அந்த வீட்டுச் சாப்பாட்டைக் கையும் களவுமாகப் பிடித்து, இனி அந்த வாசலே கிடையாது என்று சொல்லிவிடத்தான் கிளம்பினேன். ஜெர்மனியிலிருந்து வந்த என் மகள் அந்தக் குச்சிகளைக் கொண்டுவந்திருந்தாள். பட்டாணி அளவு சாப்பாட்டை, குச்சியோடு வந்த குப்பி மருந்தில் போட்டுக் குலுக்க வேண்டும். பிறகு குச்சியை நனைத்துப் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். ஒரு கோடு விழுந்தால் பயமில்லை. இரண்டு விழுந்தால் குளூட்டன் இருக்கிறது.

காலை 6.15க்கு செம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ. தாம்பரம் கிழக்குக்கு நாலு கிலோமீட்டர், ஆளுக்கு இருபது ரூபாய். ஸ்டேஷன் பக்கம் ஓர் ஓட்டலில் இட்லி வாங்கினேன், எனக்கு மட்டும். பிள்ளைக்கு வெளிச் சாப்பாடு கிடையாது. என் கையால் செய்த எலுமிச்சை சாதமும், பாட்டிலில் மோரும் எடுத்து வந்திருந்தேன். முதல் குச்சியை ஓட்டல் சாம்பாரில் பார்த்தேன். பரிமாறுகிறவர் வந்து நின்றார்.

"இன்னாம்மா இது, சாம்பாருக்கு ரத்த டெஸ்ட்டா?"

"கோதுமை கலந்திருக்கான்னு பாக்குறேன்."

"சாம்பார்ல ஏதும்மா கோதுமை? பருப்பு கீது, முருங்கக்கா கீது. காலங்காத்தால பேஜார் பண்ணாத."

பத்து நிமிஷத்தில் இரண்டு கோடு. அவர் வாயைப் பிளந்தார். சாம்பார் கெட்டியாக மாவு கரைத்துவிடுகிறார்கள் என்று நானாகவே முடிவு கட்டினேன்.

7.40க்கு தாம்பரம் மேற்கிலிருந்து குன்றத்தூர் பஸ். சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பதால் எங்களுக்குக் காசு இல்லை. சுமார் பதினைந்து கிலோமீட்டர், ஐம்பது நிமிஷம். முருகன் கோயிலுக்கு எண்பத்து நான்கு படி. அறுபத்தேழு வயதில் நான் ஒரு மூச்சில் ஏறினேன், எட்டு வயதுப் பிள்ளை மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். அவள் குணமாக வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் சாமியிடம் கேட்கவில்லை. 10.15க்கு மலையடியில் எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டாள்.

திரும்பும் பஸ்ஸிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மோரைக் கொடுத்தேன். வயிற்று வலிக்குப் பெருங்காய மோர்தானே நம் வீட்டு வைத்தியம். அன்று இரண்டு சிட்டிகை கூடவே போட்டிருந்தேன். வேண்டாம் என்றவளை அதட்டித்தான் குடிக்க வைத்தேன்.

தாம்பரத்தில் மின்சார ரயில், ஐந்து ரூபாய் டிக்கெட், கால் மணி நேரம். ஊரப்பாக்கம் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஆட்டோ ஐம்பது ரூபாய். போய்ச் சேர்ந்தபோது 12.30. யாழினி நேராகப் போய்ப் பாயில் சுருண்டாள்.

சம்பந்தியம்மா ரசமும் கத்திரிக்காய்க் கூட்டும் செய்து வைத்திருந்தார். பிள்ளைக்கு இலை போடும் முன் ரசத்தில் இரண்டாவது குச்சியை நனைத்தேன். எதற்கு என்று அவர் கேட்டார். சொன்னேன். முகம் சுருங்கிப் போனது, ஆனால் தடுக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி இருவரும் உட்கார்ந்திருந்தோம். ஒரே கோடு. குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுதான்.

"சம்பந்தியம்மா," என்றார், சத்தம் ஏறாமல். "என் வீட்டுல பச்சத் தண்ணி கூடக் குடிக்கறதுக்கு முன்னாலயே பாப்பாவுக்கு வலி வந்துருச்சே. இன்னொரு குச்சி இருக்கா?"

இருந்தது. என் மோர் பாட்டிலை எடுத்து வைத்தார்.

"மோர்ல என்னங்க கோதுமை?" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு பத்து நிமிஷம் தாங்கவில்லை. இரண்டாவது கோடு மங்கலாகக்கூட இல்லை, பளிச்சென்று விழுந்தது.

அவர் எழுந்து, பாப்பாவுக்கு ஆகாது என்று பரணில் ஒதுக்கியிருந்த ஒரு பழைய பெருங்காய டப்பாவை எடுத்து வந்தார். பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தேன். அதில் மைதா இருந்தது, மைதாவும் கோதுமைதான். நான் வாங்கும் அதே பெருங்காயம். வாங்கியதும் எவர்சில்வர் டப்பாவில் கொட்டிவிட்டு, கடை டப்பாவைத் தூக்கிப் போடுவது என் வழக்கம். சாம்பார், ரசம், எலுமிச்சை சாதம் எல்லாவற்றிலும் அதுதான். பிள்ளைக்கு வலி வரும்போதெல்லாம் மோரிலும் அதுதான். ஒரு வருஷமாக, வலி கூடக் கூட, நானும் கூடக் கூடப் போட்டிருக்கிறேன்.

மறதி இல்லாத எனக்கு அந்தக் கார்த்திகை வெள்ளிக்கிழமை அப்படியே எழுந்து வந்தது. "சம்பந்தியம்மா, பாப்பாவுக்குப் பெருங்காயம் போடுறப்ப..." என்று அவர் ஆரம்பித்தார். "நாப்பத்தஞ்சு வருஷமா அடுப்பு முன்னால நிக்கிறவளுக்குப் பாடம் வேணாம்" என்று நான் வைத்துவிட்டேன்.

"மறுபடி கூப்பிட்டிருக்கலாமே?" என்றேன்.

"பயமா இருந்துச்சு. பொண்ணுகிட்ட சொன்னேன். 'அத்தை அடுப்படியில என்னால வாயே தெறக்க முடியாதும்மா'ன்னு அழுதா."

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வலி அடங்கியதும் யாழினிக்கு ரசம் சாதம் பிசைந்து ஊட்டினார். 4.20 ரயிலில் நான் தனியாகத் திரும்பினேன். பிள்ளையை லீவு முழுக்க அங்கேயே விட்டுவிட்டேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. தாம்பரத்திலிருந்து குன்றத்தூருக்கு வெயில் ஏறும் முன் கிளம்பிவிடுங்கள். குச்சியைப் பயன்படுத்தும்போது கழுவிய கரண்டியால் எடுங்கள், சொன்ன நேரம் முழுக்கக் காத்திருங்கள். மங்கலாக விழுந்தாலும் கோடு கோடுதான். ஒரு கோடு வந்தால் அந்தப் பட்டாணி அளவுக்குத்தான் சாட்சி, சட்டி முழுவதுக்கும் இல்லை. டாக்டரின் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். மைதா கலக்காத பெருங்காயமும் கிடைக்கிறது, எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். குச்சி குறைவாக இருந்தால் அடுத்தவர் வீட்டுக்கு எடுத்துப் போகாமல், முதல் குச்சியை உங்கள் அடுப்படியில் பாருங்கள்.

மூன்று வாரமாக யாழினிக்கு வலி இல்லை. அடுத்த மாதம் ரத்தம் எடுக்கிறார்கள். இரண்டாம் பந்தியை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். ஆனால் நேற்று குக்கர் விசில் அடிக்கும்போது சம்பந்தியம்மா கூப்பிட்டார். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டேன். மோருக்குச் சீரகத்தை வறுத்துப் பொடித்து, உப்பு போட்டால் போதும் என்றார். காலண்டரின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.