புருவம் பார்த்துச் சொன்ன கணக்கு

கணக்கு டீச்சர் பொல்லாதவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பிடிவாதக்காரி என்றால் அவருடைய மாமியாரே சாட்சிக்கு வந்து நிற்பார். பிடித்தால் உடும்புப்பிடி. அப்படித்தான் இந்த வருஷம் ஆறாம் வகுப்புப் பெண்களுக்கு மாதப் பரீட்சையும் வேண்டாம், மார்க்கும் வேண்டாம், வாயால் கேட்டே யாருக்கு என்ன புரிந்தது என்று கண்டுபிடிக்கிறேன் என்று தலைமை ஆசிரியையிடம் மல்லுக்கு நின்று சாதித்திருந்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. சின்ன வயதில் ஒரே ஒரு பரீட்சையில் கோட்டைவிட்டதற்கு அவரைத் தூக்கி மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் போட்டார்கள். 'மக்கு ரூம்' என்றுதான் அதற்குப் பெயர். அங்கிருந்து வெளியே வருவதற்குள் பாதிப் படிப்பு போய்விட்டது. அந்த வயிற்றெரிச்சல்தான் அவரை டீச்சராக்கியது.

இப்போது தலைமை ஆசிரியை அதே மாதிரி ஓர் அறையைக் காலிசெய்து பூட்டி வைத்திருந்தார். வரும் வியாழக்கிழமை வகுப்பில் வந்து உட்காருவார். பிள்ளைகள் தேறவில்லை என்று பட்டால் பழையபடி மார்க். பின்தங்கியவர்களுக்கு அந்த அறை. முதலில் போகப்போவது யார் என்பதும் ஊரறிந்த சங்கதி. கடைசி பெஞ்சில் உட்காரும் பெண், 'ஆமை'தான். எதைக் கேட்டாலும் மற்றவர்கள் சொல்லி முடித்த பிறகுதான் அது வாயைத் திறக்கும். பட்டப்பெயர் வைப்பதில் அந்த வகுப்பை அடித்துக்கொள்ள ஆளில்லை.

புதன் சாயங்காலம் டீச்சர் துணி மடித்துக்கொண்டே மறுநாள் கேட்கவேண்டியதை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அதே பள்ளியில் பத்தாவது படிக்கும் மகள் சிரித்தாள்.

"எதுக்கும்மா டென்ஷன்? நீதான் பதிலைச் சொல்லிடுவியே."

"நான் எங்கேடி சொல்றேன்?"

"தப்புன்னா உன் இடது புருவம் மேல ஏறும். சரின்னா எறங்கிடும். நாங்க ஆறாவதுல அதைப் பாத்துத்தானே ஓட்டினோம்! ஸ்கூலுக்கே தெரியும், உனக்குத்தான் தெரியாது."

டீச்சர் மடித்த துணியை அப்படியே போட்டார். எழுந்துபோய்க் கண்ணாடியில் பார்த்தார். பாழாய்ப்போன புருவம் ஏறித்தான் இருந்தது.

மறுநாள் தலைமை ஆசிரியை கரும்பலகை ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டீச்சர் வேண்டுமென்றே வகுப்பின் பின்பக்கம் போய் நின்றுகொண்டு கேட்டார்: "ஒரே காகிதம். அதுல மூணுல ஒரு பங்கு பெரிசா, நாலுல ஒரு பங்கு பெரிசா?"

வகுப்பு மொத்தமும் கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தது.

"என்ன, போர்டு பின்னாடியா இருக்கு?" என்றார் தலைமை ஆசிரியை.

டீச்சர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். புருவத்தை ஒரு தடவை ஆட்டினால் போதும். டாண் டாண் என்று பதில் வரும், அந்த அறை பூட்டியே கிடக்கும், ஆமையும் பிழைத்துப்போகும். யாருக்கும் தெரியாது. ஆனால் முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைக்க முடியும்?

"என் புருவத்தைப் பாக்கறாங்க மேடம்," என்று போட்டு உடைத்துவிட்டார். "நேத்துதான் எனக்கே தெரியும். எல்லாரும் கண்ணை மூடுங்க. மூணுல ஒண்ணு பெரிசுன்னா மூணு விரல். நாலுல ஒண்ணுன்னா நாலு விரல்."

விரல்கள் எழுந்தன. நாலு, நாலு, நாலு. முதல் பெஞ்சில் வகுப்பு லீடரே நாலு விரலை நிமிர்த்தி வைத்திருந்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார் டீச்சர்.

தலைமை ஆசிரியை பெஞ்சுகளுக்கு நடுவே மெல்ல நடந்து வந்து கடைசியில் நின்றார். ஆமை மூன்று விரல் காட்டியிருந்தது.

"கண்ணைத் தொறம்மா. ஏன் மூணு?"

"ஒரே காகிதம்தானே மேடம். மூணு பேர் பிரிச்சா ஆளுக்கு நெறைய கெடைக்கும். நாலு பேருன்னா கொறையும்."

"மத்த நாள்ல ஏன் இப்படிச் சொல்றதில்ல?"

"இங்கேருந்து டீச்சர் மூஞ்சி சரியாத் தெரியாது மேடம். அவங்கள்லாம் டக்குனு சொல்லிடுவாங்க. நான் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்த கணக்கு வந்துடும்."

டீச்சருக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. மக்கு ரூம் கூடாதென்று சண்டை போட்டவரே, இந்தப் பெண்ணை மனசுக்குள் எப்போதோ அங்கே அனுப்பிவிட்டிருந்தார். வகுப்பிலேயே சொந்தமாக யோசித்த பிள்ளை அது. வெட்கத்தில் அவருக்குத் தலை நிமிரவில்லை.

"பாதிக்கு மேல தெரியலையே, டீச்சர்," என்றார் தலைமை ஆசிரியை.

"ஆமா மேடம். தெரியலைங்கறதே இன்னைக்குத்தான் தெரியுது."

"அந்த ரூமைத் தொறந்தா இப்ப யாரை அனுப்பறது? முதல் பெஞ்சையா?" அவர் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "இனிமே இப்படியே கேளுங்க. மாசக் கடைசில நான் வந்து கேக்கறேன். அப்பவும் இதே கதைன்னா மார்க்தான், சொல்லிட்டேன்."

அதற்குள் கண்ணை இறுக மூடியிருந்த பிள்ளைகளின் நாலு விரல்கள் ஒவ்வொன்றாக மூன்றாகிக்கொண்டிருந்தன. கண்ணைத்தானே மூடச் சொன்னார்கள், காதையா?

"திருட்டுக் கழுதைங்களா, தொறங்க," என்றார் டீச்சர். எல்லாரும் உடனே திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் நோட்டை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டு ஆமையின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என் மூஞ்சில ஒண்ணும் எழுதியில்ல. காகிதம் எடுத்து மடிச்சுப் பாருங்க. மெதுவா மடிங்க, யாருக்கும் அவசரமில்ல."