எந்த மயக்கம்?

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்திருக்கும். மண்டபத்தில் மீகூன் தட்டோடு உட்கார்ந்து, அட்டைப் படத்தைப் பார்த்து, "நல்லா வந்திருக்கு போட்டோ" என்று பேசிக்கொண்டிருப்பீர்கள். தயவுசெய்து உள்ளே இருப்பதையும் படியுங்கள். அக்காவைப் புகழத்தான் எழுத உட்கார்ந்தேன். அவரைப் புகழ வேண்டுமானால் என்னைத் திட்டியாக வேண்டும். போகிற போக்கில் உங்களில் சிலரையும்.

அக்கா பிறை என்ற ஊரில், ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தார். வீட்டில் மூத்தவர். எனக்கும் அவருக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அவர் ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையின் பதிவு முகப்பில் பெயர் எழுதும் கிராணியாகச் சேர்ந்த புதிதில் அப்பாவுக்கு முதுகுவலி வந்தது. சொந்தக்காரர் ஒருவர் சொன்ன எலும்பு டாக்டரிடம் ஓராண்டு காட்டினோம். அவர் நல்ல டாக்டர்தான். ஆனால் அப்பாவுக்குக் கெட்டுப் போயிருந்தது சிறுநீரகம். அது தெரிந்த வாரமே அப்பா போய்விட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் எந்த அறை என்று வழி சொன்ன அக்காவுக்கு, சொந்த அப்பா தவறான அறை வாசலில் ஓராண்டு காத்திருந்தது தெரியவில்லை. அந்தக் கோபம் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை. தாம் கல்யாணம் செய்துகொள்ளாததற்கும் அதையே காரணமாகச் சொல்வார். அது பொய். பெண் பார்க்க வந்தவர்களைக் கேள்வி கேட்டே விரட்டினார்.

பிறகு கிராணி வேலையை விட்டுவிட்டு அவர் செய்தது ஒரே வேலைதான். மருத்துவப் பரிந்துரை வழிகாட்டி என்று இப்போது அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஆட்களுக்கு அவர் 'ரெஃபரல் அக்கா'. என்ன நோய் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எந்தச் சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும், அதற்கு அரசாங்கக் கிளினிக்கில் எப்படிக் கடிதம் கேட்க வேண்டும், பழைய எக்ஸ்ரேயை எங்கே போய் வாங்க வேண்டும் என்று சொல்வார். சொல்லிவிட்டுக் கூடவே போய் டாக்டர் அறையில் மூன்றாவது நாற்காலியில் உட்காருவார். மற்றவர்கள் சொல்லி அனுப்பிய டாக்டர்களைப் பற்றி அவருக்கு ஒரு பேச்சு உண்டு: "உங்க மச்சான் சொன்னவரு கெட்டிக்காரருதான். முட்டிக்கு. உங்களுக்கு வலி வயித்துலல்ல இருக்கு?"

பக்கத்து ஊரான ஜுருவிலிருந்து ஒரு பெண் கார் பட்டறையில் வேலை பார்க்கும் கணவரை அழைத்து வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"அக்கா, இவருக்கு ஒரே மயக்கம்லா."

"எந்த மயக்கம்?"

"மயக்கம்தாங்க்கா."

"அந்த வார்த்தைய செருப்போட சேத்து வெளிய விட்டுட்டு வாங்க. வீடு சுத்துதா? கண்ணு இருட்டுதா? இல்ல, விழுந்து கைகால உதறுறாரா?"

சுற்றினால் காது டாக்டர், இருட்டினால் இருதய டாக்டர், உதறினால் நரம்பு டாக்டர். முதலில் தட்ட வேண்டிய கதவு அது என்பார். தமிழர்கள் நாம் மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு செத்துப்போகிறோம் என்பது அக்காவின் குற்றச்சாட்டு. அந்தப் பெண் கணவருக்காகப் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். "நீ பேசாத. கூட வர்றவங்க கேக்கணும், பதில் சொல்லக்கூடாது. யாரு உடம்போ அவரு வாயில வரட்டும்."

பிறகு ஒரு வெள்ளைத்தாளில் நான்கு வரிகள் எழுதுவார். எப்படி வருகிறது, எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, எதைச் செய்தால் கூடுகிறது. ஐந்தாவது வரியில் 'கூட வருபவர்' என்று எழுதி, பெயரைக் கேட்டுப் போடுவார். அந்தத் தாளோடு போன ஜுருக்காரருக்கு இருதயத்தில் கோளாறு என்று தெரிந்து, துடிப்பைச் சீராக்கும் கருவி வைத்தார்கள். இன்றும் பட்டறையில் டயர் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

சென்ற ஆண்டு தவக்காலத்தில் அக்கா என்னைப் போனில் அழைத்தார். நான் பாயான் பாருவில் தொழிற்சாலை வேலையில் இருந்தேன்.

"தம்பி, மயக்கமா வருதுடா."

அந்தச் சொல்லை அவரே சொன்னார். நோய் வந்தால் எல்லோருக்கும் அந்தச் சொல்தான் வாயில் வருகிறது போலும். எந்த மயக்கம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வியை அவர் கேட்டு நூறு தடவை காதில் வாங்கியவன் நான். "சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"நீ கூட வாடா. தனக்குத் தானே கேட்டுக்க முடியாது. யாராச்சும் கேட்டாத்தான் சரியா வரும்" என்றார்.

செய்தி பரவியதும் ஆளுக்கொரு வைத்தியம் வந்தது. ஒருசந்தி நோன்பு இருந்தால் மயக்கம் வராதா என்றார் சித்தி. வயதாகிறது, அதுதான் என்றார் மாமா. வாட்ஸ்அப்பில் ஐந்து டாக்டர் பெயர்கள் வந்தன. அதில் ஒருவர் தோல் டாக்டர். அக்காவால் பிழைத்த வீட்டுக்காரர்கள்தாம் இதையெல்லாம் அனுப்பினார்கள். உங்களை நான் பெயர் சொல்லவில்லை. நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

நான் உங்களைவிட மோசம். எனக்கு முன்பு தலைசுற்றல் வந்து, காது டாக்டர் ஒருவர் குணப்படுத்தியிருந்தார். அவரிடமே அக்காவைக் கூட்டிப்போனேன். அவர் ஒழுங்காகத்தான் கேட்டார்: அறை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா? அக்கா வாயைத் திறந்தார். "நீ பேசாதக்கா, நான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, சுற்றுகிறது என்றேன். எனக்குச் சுற்றியதை அக்காவுக்குச் சுற்றுவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். நோயாளிகளையே பேச வைத்த அந்த மனுஷி எனக்காகப் பேசாமல் இருந்தார்.

காரில் வரும்போது, "சுத்தலடா. இருட்டுது" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா."

"ஒண்ணா?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து இருதய டாக்டரிடம் போகலாம் என்றார். கொடுத்த மாத்திரை முடியட்டும் என்றேன். அதற்கு அடுத்த வாரமும் கேட்டார். ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஆள் இல்லை என்றேன். அது உண்மை. ஆனால் அதே வாரம் கூட்டாளியோடு கார் பார்க்க ஜுருவுக்குப் போய்வர எனக்கு நேரம் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, பேருந்து நிறுத்தத்தின் படிகளில் ஏறும்போது அக்கா விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது. இருதய வால்வு சுருங்கியிருந்ததாம். முன்பே ஸ்கேன் எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றார் அங்கிருந்த டாக்டர். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார்.

அக்காவின் கைப்பையைக் கொடுத்தார்கள். உள்ளே வெள்ளைத்தாள் இருந்தது. கண் இருட்டுகிறது, சுற்றல் இல்லை. படி ஏறும்போது. அரை நிமிடம். நடந்தால் கூடுகிறது. தனியாக இருதய டாக்டரிடம் கிளம்பியிருக்கிறார். ஐந்தாவது வரியில் 'கூட வருபவர்' என்று எழுதி, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்.

இனி நன்றி சொல்ல வேண்டும். நிறுத்தத்தில் அக்காவின் தலையை மடியில் வைத்திருந்த பெயர் தெரியாத மலாய்ப் பெண்மணிக்கு நன்றி. ஜெபமாலை சொல்ல வந்தவர்களுக்கும் பூ வாங்கி வந்தவர்களுக்கும் நன்றி. டாக்டர் பெயர்கள் அனுப்பியவர்களுக்கும் நன்றி. இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.

அடக்கத்தன்று வந்த அத்தனை பேரும் என்னிடம் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். "மயக்கம் வந்து விழுந்துட்டாங்க" என்றேன். எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்கள். ஜுருப் பெண் மட்டும் என் முன்னால் நின்று, "எந்த மயக்கம் தம்பி?" என்று கேட்டார்.

"கண்ணு இருட்டுறது" என்றேன்.

"அப்ப இருதயமாச்சே. யாரு கூடப் போனது?"

அந்த அம்மாவுக்கும் என் நன்றி. அக்காவிடம் ஒரே ஒருநாள் வந்துபோனவர் அவர். அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

— தம்பி