அக்கா எழுதிய சொல் அட்டைகள்

வீட்டில் யார் பேசினாலும், பேச்சில் ‘ஆச்சே’, ‘தானே’, ‘போல’ என்று ஏதாவது ஒரு வால் சொல் வந்துவிட்டால் அக்கா கையிலிருக்கும் டம்ளரைக் கீழே வைத்துவிடுவாள். பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்துக் குறித்துக்கொள்வாள். பதினோரு வருடமாக இதைப் பார்த்திருக்கிறேன். சண்டை நடக்கும்போதுகூட விடமாட்டாள்.

“நான் இங்க தொண்டை கிழியக் கத்துறேன், நீ என் வாயிலிருந்து வார்த்தை பொறுக்குறியா?” என்று அண்ணி ஒருநாள் கரண்டியோடு வந்து நின்றாள்.

“இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணி. ‘கத்துறேன்’னீங்களா, ‘கத்துறேன்ல’ன்னீங்களா?”

அண்ணி கரண்டியை ஓங்கினாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அக்காவுக்குக் கல்லூரி நூலகத்தில் வேலை. புத்தகம் கொடுத்து வாங்கும் கவுண்டரில் உட்கார்ந்திருப்பாள். பள்ளிக்கூடத்தை முடித்தவள், அதற்கு மேல் படிக்கவில்லை. நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். முன்னறையில் தையல் மெஷின் போட்டுச் சட்டைக் கம்பெனிக்குக் காஜா எடுத்துக் கொடுக்கிறேன். வருகிறவர்களைப் பார்ப்பேன். பேச வராது.

யாரும் தொடாத புத்தகங்களை நூலகத்தில் கழித்துக் கட்டியபோது ஒரு பழைய கிரேக்க இலக்கணம் அக்கா கைக்கு வந்தது. அதே வாரம் அதைத் தேடிக்கொண்டு வரலாற்றுத்துறை விரிவுரையாளர் ஒருத்தி கவுண்டருக்கு வந்தாள். அக்கா வயதுதான் அவளுக்கும். இருப்பது ஒரே புத்தகம் என்பதால், சனிக்கிழமை மதியங்களில் எங்கள் வீட்டில் சேர்ந்து உட்கார்ந்து எழுத்திலிருந்து தொடங்கினார்கள். வெயிலோ மழையோ அவள் குடையில்லாமல் வந்ததில்லை. அண்ணி அவளுக்குக் ‘குடை’ என்று பெயர் வைத்தாள்.

மூன்றாம் வருடம் காவியத்துக்கு வந்தார்கள். அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் போரைப் பற்றிப் பாடிய பெரிய காவியம். ஒரு மதியம் முழுக்க அகராதியைப் புரட்டினால் நாலு வரி நகரும். அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிவிட்டால், அடிக்கடி வருவதை முதலில் படித்துவிடலாம். சொல்லுக்கு ஓர் அட்டை. அந்தச் சொல் வரும்போதெல்லாம் அட்டையில் ஒரு கோடு. ஐந்து வருடம் அவள் கோடு போட்டாள். ஆறு செருப்புப் பெட்டிகள் நிறைந்தன.

எண்ணி முடித்தபோது முன்னால் வந்து நின்றவை பெரிய சொற்கள் இல்லை. ‘தலஸ்ஸா’ என்றால் கடல், அது பாடமாகிவிடும். ஒன்றுமே இல்லாதது மாதிரி இருக்கும் பொடிச் சொற்கள்தான் வரிக்கு வரி வந்தன. அவற்றுக்கு அகராதி சொன்ன பொருள் எதுவும் வரியில் பொருந்தவில்லை. அக்காதான் வழி கண்டுபிடித்தாள். ‘கெ’ என்று ஒன்று, ஒரு சொல்லுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். அது நம்முடைய ‘தான்’ என்றாள். ‘மென்’, ‘டெ’ என்று ஒரு ஜோடி, ஒன்றை இந்தப் பக்கமும் இன்னொன்றை அந்தப் பக்கமும் நிறுத்தும். அந்த அட்டையில் உதாரணமாக இப்படி எழுதினாள்: “தங்கையோ வாயைத் திறக்கமாட்டாள், அண்ணியோ வாயை மூடமாட்டாள்.”

போன வருடம் கல்லூரியில் வெளியாட்களுக்காக மாலையில் கிரேக்க வகுப்பு தொடங்கப்போவதாக அறிவித்தார்கள். நடத்துகிறவருக்குப் பட்டம் வேண்டாம், அந்தத் துறையில் அச்சான புத்தகம் ஒன்று இருந்தால் போதும். அக்கா அந்த அறிவிப்பை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பாடம் நடத்த அவளுக்கு அவ்வளவு ஆசை. அட்டைகளைப் புத்தகமாக்கலாம் என்று குடை சொன்னாள்.

“உன் பேரு முதல்ல. எண்ணினவ நீ. என் பேரு கீழ எங்கேயாவது ஒட்டிக்கிட்டு இருக்கட்டும்.”

அக்கா அன்று வெட்கப்பட்டதை நான் பார்த்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அக்கா வேலைக்குப் போயிருந்தாள், அண்ணி கடைக்குப் போயிருந்தாள். கதவைத் தட்டிக் குடை உள்ளே வந்தாள்.

“உங்க அக்காதான் படம் எடுத்துக்கச் சொன்னா.”

நான் தலையை ஆட்டினேன். கட்டிலுக்கு அடியிலிருந்து ஆறு பெட்டிகளையும் நானே இழுத்துக் கொடுத்தேன். அட்டைகளை வரிசையாகப் பரப்பி ஃபோனில் படம் எடுத்தாள். பகல் சாப்பாட்டு நேரம்வரை எடுத்தாள். நடுவில் டீ போட்டுக் கொடுத்தேன். அக்காவுக்குத் தெரிந்த விஷயம் என்று நினைத்ததால் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

ஐந்து மாதம் கழித்து நூலகத்துக்கு வந்த பார்சலில் அந்தப் புத்தகம் இருந்தது. புத்தகங்களின் முதுகில் எண் ஒட்டுவது அக்கா வேலை. ஒட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு எடுத்துவந்தாள். மேலட்டையில் ஒரே ஒரு பெயர், குடையுடையது. உள்ளே, “அட்டைகளை அடுக்கித் தந்து உதவிய நூலக ஊழியருக்கு நன்றி” என்று ஒரு வரி.

அண்ணன் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றான். சத்தமாகப் படித்தான். “தங்கையோ வாயைத் திறக்கமாட்டாள், அண்ணியோ…”

“நானா? புத்தகத்துல வந்துட்டேனா?” என்று அண்ணி சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள். “அவ வீட்டுக்கு ஒரே பிள்ளை. தங்கச்சியும் கிடையாது, அண்ணியும் கிடையாது. அப்புறம் யாரு வாயை மூடலையாம்?”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொன்னேன்.

“அவ என்ன சொன்னா? ஒரு வார்த்தை மாத்தாம சொல்லு.”

“உங்க அக்காதான் படம் எடுத்துக்கச் சொன்னா.”

“அதுக்கு முன்னாடி நீ ஏதாவது கேட்டியா?”

“இல்லக்கா. கதவைத் திறந்தேன், அவ்வளவுதான்.”

“யாரும் சந்தேகப்படவே இல்ல. அப்புறம் அங்க எதுக்குடி ‘தான்’?”

எனக்குப் பதில் தெரியும். பதினோரு வருடமாக அதே அறையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். நான் சந்தேகப்படுவேன் என்று அவளுக்கே பயம் இருந்திருக்கிறது.

அந்தச் சனிக்கிழமையும் குடை வழக்கம்போல வந்தாள். குடையை மடக்கிச் சுவரோரம் சாத்தினாள்.

“ரெண்டு பேரு போட பதிப்பகத்துல ஒத்துக்கல. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அடுத்த பதிப்புல சரி பண்ணிடலாம்பா.”

“அந்த உதாரணத்தையாவது மாத்தியிருக்கலாம்” என்றாள் அக்கா.

“எந்த உதாரணம்?”

உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை என்பது முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. அக்கா எழுந்துபோய்க் குடையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். “மழை வர்ற மாதிரி இருக்கு” என்றாள். வெளியே நல்ல வெயில்.

திங்களும் வியாழனும் மாலை ஐந்தரைக்கு வகுப்பு நடக்கிறது. குடை நடத்துகிறாள். இருபத்தாறு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் புத்தகத்தில் தேதி முத்திரை குத்திக் கொடுப்பது அக்கா. சனிக்கிழமைகளில் தனியாகப் படிக்கிறாள். காவியத்தில் ஒன்பதாம் பாகம் நடக்கிறது. என்மேல் கோபம் இல்லை என்று இரண்டு தடவை சொல்லிவிட்டாள். ஆறு பெட்டிகளையும் நூலகத்துக்கு எடுத்துப்போய் அவளுடைய அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறாள்.