அண்ணனின் கண்களுக்கு இருந்த நேரம்

காலை ஒன்பது இருபதுக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது. அண்ணன் இறந்தது ஒன்பது பத்துக்கு. அது மாரடைப்பின் வேலை, அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஒன்பது இருபதுக்கு நான் தொலைபேசியை எடுத்தேன். கண் வங்கிக்குப் பேசாமல் பெங்களூரில் இருந்த பெரியப்பாவுக்குப் பேசினேன். எனக்கு நாற்பத்தாறு வயது, பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள் நான். வீட்டில் சாவு விழுந்தால் முதலில் மூத்தவருக்குச் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது என் மண்டையில் இருந்தது.

"நான் வர்ற வரைக்கும் யாரும் பாடியில கை வைக்கக் கூடாது" என்றார் பெரியப்பா. ஐந்து வருடமாக அண்ணனை எட்டிப் பார்க்காதவர்.

அண்ணன் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் ரகம் பிரிப்பவராக இருந்தார். பதனிட்டு முடிந்த தோலை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, நிறம், சுருக்கம், கீறல், உண்ணிக் கடி எல்லாம் பார்த்துத் தனித்தனியாக அடுக்க வேண்டும். ஐம்பதைத் தாண்டியதும் நல்ல தோல்களைச் சுருக்கம் என்று கழிக்க ஆரம்பித்தார். நேர்கோடெல்லாம் அவருக்கு நெளிந்து தெரிந்திருக்கிறது. இருபத்தெட்டு வருடம் தோலில் குற்றம் கண்டு பழகியவர். தோலைத்தான் சந்தேகப்பட்டார், கண்ணை அல்ல.

மேலாளர் அவரைவிடப் பெரிய மேதை. "இன்னாய்யா, காலையிலயே ஊத்திக்கினு வர்றியா?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டு, கிடங்கில் மூட்டை எண்ண அனுப்பினார். தேவாலயத்தில் திருவிருந்தின்போது தரும் ஒரு கரண்டி திராட்சை ரசத்தைத் தாண்டி எதையும் தொடாத மனிதர் அண்ணன். கண்ணாடிக் கடைக்காரர் ஒரே வருடத்தில் மூன்று கண்ணாடி மாட்டிவிட்டார். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கீரை சொன்னார்கள். கேரட் சொல்லாதவர் பாக்கியில்லை.

கடைசியில் வேலூரில் ஒரு மருத்துவர்தான் கட்டம் போட்ட தாளைக் காட்டி, விழித்திரையின் நடுப்பகுதி வயதால் சிதைகிறது என்று சொன்னார். எங்கள் அம்மாவுக்கும் கடைசிக் காலத்தில் எதிரில் நிற்பவரின் முகம் தெரியாமல் போனது. அதைச் சொன்னதும் மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் விரல் விட்டு எண்ணினேன். அம்மா, அண்ணன், அடுத்து நான். அதற்கடுத்து என் ஒரே மகள். அவளுக்கு அப்போது பதினாறு.

பிறக்கும்போது வந்த மரபணுக்கள் அப்படியேதான் இருக்கும், ஆனால் எது எவ்வளவு வேலை செய்கிறது என்பது வயதாக ஆக மாறும் என்று அவர் விளக்கினார். விழித்திரையில் சில மரபணுக்கள் சோர்ந்துவிடும், சில வேண்டாத நேரத்தில் துள்ளும்.

அண்ணன் சிரித்தார். "புரிஞ்சிது சார். ரிஜிஸ்டர்ல பேர் இருக்கும், ஆளு ஷிஃப்டுக்கு வரமாட்டான். வேற எவனோ கூப்பிடாமலே வந்து ஓவர்டைம் பாப்பான்."

எது சோர்கிறது, எது துள்ளுகிறது என்று பார்க்க, இளையவர், மூத்தவர் இரு சாராரின் விழித்திரையும் வேண்டும். உயிரோடு இருப்பவரிடம் எடுக்க முடியாது. இறந்த மூன்று, நான்கு மணி நேரத்துக்குள் எடுத்து உறைய வைக்க வேண்டும். தாமதித்தால் அந்த வேலையின் தடயம் கலைந்துவிடும். இறந்ததும் கண்களைத் தருவதாகக் கண் வங்கிப் படிவத்தில் அண்ணன் அங்கேயே கையெழுத்துப் போட்டார். ஓரப்பார்வைதான் மிச்சம் என்பதால் தாளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி போட்டார். "பாப்பாவுக்கு ஆவும்மா" என்றார் என்னிடம். பாப்பா என்றால் என் மகள்.

அந்தக் கையெழுத்துக்குத்தான் அவர் இறந்த அன்றைக்கு வேலூரில் எங்கள் வீட்டில் மரியாதை இல்லை. பத்து மணிக்கு நான் கண் வங்கிப் பேச்சை எடுத்ததும் சித்தி அலறினார்.

"அடிப்பாவி! உயிர்த்தெழும்போது கண்ணில்லாம எழுந்தா ஆண்டவர எப்டி பாப்பான்?"

"உயிரோட இருக்கசொல்லவே உங்க மூஞ்சி அவருக்குத் தெரியல சித்தி."

"வாயப் பாரு. பொட்டிய சுத்தி நின்னு எல்லாரும் போட்டோ எடுப்பாங்க, கண்ணு குழியா தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?"

மறுமைக் கவலை போட்டோக் கவலையாக மாற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. குழியாகத் தெரியாது, இமையைச் சரியாக மூடித்தான் கொடுப்பார்கள் என்றேன். கேட்க ஆளில்லை. போதகர் வந்தார். அவராவது ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். "குடும்பமா ஒருமனப்பட்டு முடிவெடுங்க" என்று சொல்லிவிட்டுக் காப்பியை வாங்கிக்கொண்டார். என் மகள் இரண்டு முறை தொலைபேசியிடம் போனாள். இரண்டு முறையும் யாரோ ஒருவர் அதில் சவப்பெட்டியின் நீளம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

இவர்களையெல்லாம் எவ்வளவு கேவலமாக எழுதினாலும் என்னைப் பற்றி எழுத அதைவிடக் கேவலமான சொல் வேண்டும். தெருமுனையில் எஸ்.டி.டி. பூத் இருந்தது. நாற்பது அடி. நான் போகவில்லை. பெரியவர் வரட்டும், அவர் சரி என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு ஆனது, ஒன்று ஆனது. மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் கண்களைப் பார்க்கவில்லை.

காட்பாடியில் ரயில் இறங்கிப் பெரியப்பா வந்து சேர்ந்தபோது மணி இரண்டரை. அண்ணனின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "வெயில் ஜாஸ்தி" என்று முகம் துடைத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"எழுதிக் குடுத்துட்டான் இல்ல? அப்புறம் இன்னாத்துக்கு என்னைக் கேக்கற? எடுத்துட்டுப் போகட்டும். இதுக்கா இவ்ளோ பேஜார்?"

ஐந்து மணி நேரம் நான் காத்திருந்த உத்தரவு இதுதான். பூத்துக்கு ஓடினேன்.

மூன்று மணிக்குக் கண் வங்கியிலிருந்து ஒரு பெண் குளிர்பெட்டியோடு வந்தார். முப்பது வயதிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு, அண்ணனின் இமைகளை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தார். எப்போது இறந்தார் என்று கேட்டார். சொன்னேன். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கருவிழி எடுத்துக்கறோம்க்கா, அது யாருக்காவது பொருந்தும். விழித்திரை இனிமே ஆராய்ச்சிக்கு ஆவாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "காலையில ஃபுல்லா நாங்க சும்மாதான்க்கா இருந்தோம். அங்கேருந்து இங்க நடந்தா கூட இருபது நிமிஷம்."