வெள்ளிக்கிழமை மாத்திரை

முடக்குவாதக்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் ஊசிக்கு ஓய்வு உண்டு, தொலைபேசிக்குத்தான் ஓய்வே கிடையாது. டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் பார்ப்பார். நடுவில் மருந்து போகிறதா, வீக்கம் இறங்கியதா, இரத்தம் எடுக்க வந்தார்களா என்று ஒவ்வொருவர் பின்னாலும் நிற்பது எங்கள் நர்ஸ், மிஸ்ஸி சல்மா. மலாய்க்காரப் பெண், என் மூத்த மகள் வயதுதான் இருக்கும். நான் அவருக்கு உதவியாள், மூன்றாம் படிவம் வரை படித்தவள். தமிழ் ஆட்களிடம் மிஸ்ஸிக்கு வாயும் காதும் நான்தான்.

பிள்ளைகள் மூன்று பேரும் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு, "மருந்து குடிச்சியா?" என்று கேட்க வீட்டில் ஆளில்லாமல்தான் இந்த வேலைக்கு வந்தேன். வீட்டில் ஒருவரையாவது மாத்திரை விழுங்கச் சொல்லி நீங்கள் கெஞ்சியிருந்தால், வாருங்கள், நீங்களும் என் கட்சி.

கோழிக்கூண்டு

லெட்சுமி அக்கா நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்தில் இடியாப்பம் விற்பவர். விடிவதற்குள் அவித்து, மோட்டார் சைக்கிள் பின்னால் பெட்டியைக் கட்டி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் போவார். வீட்டுக்காரர் இல்லை. அந்த மோட்டார்தான் அவருக்குக் கால், அதுதான் சோறும். முடக்குவாதம் வந்து விரல்கள் வீங்கியதும், மாவு பிழிய அடுத்த வீட்டுப் பெண் வந்தாள். பிரேக் பிடிக்க யார் வருவார்கள்? வலது கை மூடாமல், ஒரு நாள் நேராக ஒரு கோழிக்கூண்டுக்குள் போய்த்தான் மோட்டார் நின்றது. யாருக்கும் அடியில்லை, கோழிகள் உட்பட.

மகன் குமரன்தான் அவரைக் கிளினிக்குக்கு அழைத்து வந்தான். பயந்த பிள்ளை. "ஆண்டி, மூணு மாசம் பாப்பேன். அடுத்த தடவை டாக்டர் பாக்கிறப்போ அம்மா கை மூடலன்னா மோட்டாரை வித்துடுவேன்லா" என்றான். லெட்சுமி அக்கா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம் சொன்னார்: "கோழியே என்னை மன்னிச்சிருச்சு. இவன் யாரு கேக்கிறதுக்கு?"

நல்ல கிழமை

அவருக்கு டாக்டர் எழுதியது வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிடுகிற மஞ்சள் மாத்திரை. தினமும் சாப்பிட்டால் ஆபத்து. ஆகையால் கிழமையை முதலிலேயே முடிவு செய்துவிடுவோம். எந்தக் கிழமை என்று மிஸ்ஸி என்னைக் கேட்டார். நம் சனம் எதை மறந்தாலும் வெள்ளிக்கிழமையை மறக்காது என்று நான்தான் வெள்ளி என்றேன். "வேற கிழமையில அதைக் கையாலகூடத் தொடக்கூடாது அக்கா" என்று கொஞ்சம் மிரட்டியும் வைத்தேன்.

லெட்சுமி அக்கா மாத்திரையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பைக்குள் வைத்தார். "நல்ல நாளாத்தான் பாத்து வச்சிருக்க, சரோஜா."

பத்தில் எத்தனை?

வலியை எண்ணில் கேட்பது எங்கள் வழக்கம். வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாவிட்டால் பத்து. சுங்கை ரம்பாயில் மளிகைக் கடை வைத்திருக்கும் காதர் பாயிடம் கேட்டேன். "எட்டு" என்றார். மிஸ்ஸி அவர் மணிக்கட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு, போன தடவையைவிட வீக்கம் நன்றாகக் குறைந்திருக்கிறதே என்றார். பாய் யோசித்தார். "சரி, மிஸ்ஸி முகத்துக்காக ஏழு." முழங்கையையும் மடக்கி நீட்டச் சொன்னார் மிஸ்ஸி. சுலபமாக நீண்டது. "ஆறு. அதுக்குக் கீழ கட்டுப்படியாகாது" என்றார் பாய்.

கடைசியில் நாலில் முடிந்தது. எழுந்து சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே என்னிடம் மெதுவாகக் குறைப்பட்டுக்கொண்டார்: "எடுத்த எடுப்பிலேயே பத்துன்னு சொல்லியிருக்கணும்மா, இறங்கி வர இடம் இருந்திருக்கும்."

யார் கை, யார் வாய்?

மெர்லிமாவில் ஒரு அம்மா. நான் போன் செய்தால் எடுப்பது எப்போதும் அவர் வீட்டுக்காரர். "சட்டைப் பொத்தான் போட முடியுதாங்கய்யா அவங்களால?" "முடியுது, முடியுது." "குழாயைத் திருக முடியுதா?" "ஓ, பேஷா." "பிஸ்கட் டின் மூடியைத் திறக்க முடியுதா?" "அதெல்லாம் ஒரு பிரச்சினையும் இல்லம்மா, தினமும் திறந்துதான் இருக்கு."

பின்னால் ஒரு பாத்திரம் ணங்கென்று விழுந்தது. அதைத் தொடர்ந்து ஒரு குரல் வந்தது. போனே தேவைப்படாத அளவுக்குத் தெளிவான குரல். "அவங்க கேக்கிறது என் கையை, பதில் சொல்றது உங்க வாயா? கொடுங்க போனை!"

இரண்டு பேர் பேச்சு

இரண்டு மாதமாகியும் லெட்சுமி அக்காவின் விரல்கள் அப்படியே இருந்தன. வாரா வாரம் போனில் கேட்டேன். "நீ சொன்னபடியேதாம்மா" என்பார். டாக்டரிடம் சொல்லி இன்னும் பலமான மருந்து கேட்கலாமா என்று மிஸ்ஸி கவலைப்பட ஆரம்பித்தார். எதற்கும் மருந்துப் பையோடு வரச் சொன்னோம். பையை மேசையில் கவிழ்த்தேன். தினம் சாப்பிடும் மாத்திரைகள் குறைந்திருந்தன. மஞ்சள் மாத்திரைகள் மட்டும் கொடுத்தது கொடுத்தபடி, ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன.

"வெள்ளிக்கிழமை விரதம் இல்லையா சரோஜா? விரதத்தன்னைக்கு மருந்து மாத்திரை வாயில வைக்கிறது எங்க வீட்டு வழக்கமில்ல." அப்படியானால் சனிக்கிழமை சாப்பிட்டிருக்கலாமே என்றேன். "நீதானே வேற கிழமையில தொடக்கூடாதுன்ன?" நானும் வெள்ளி விரதக்காரிதான். ஆனால் பிரஷர் மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் விளக்கேற்றுவேன். எல்லாரும் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்தது என் புத்தி. லெட்சுமி அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னையே சமாதானப்படுத்தினார்: "சாமியும் கோவிச்சுக்கக் கூடாது, நீயும் கோவிச்சுக்கக் கூடாதுன்னுதான் ரெண்டு பேர் பேச்சையும் கேட்டேன்லா."

காலியான கிழமை

நோன்பு பிடிக்கிற மிஸ்ஸிக்கு விரதம் என்று ஒரு வார்த்தை சொன்னதுமே புரிந்துவிட்டது. டாக்டரிடம் போனில் கேட்டு, கிழமையை மாற்றலாம், அவர் பார்க்கும் நாளையும் மூன்று மாதம் தள்ளி வைக்கலாம் என்றார். எந்தக் கிழமை? திங்கள் சிவனுக்கு என்றார் லெட்சுமி அக்கா. செவ்வாய் முருகனுக்கு. வியாழன் குருவுக்கு. சனி பெருமாளுக்கு. ஞாயிறு வியாபாரம் அதிகம், மாத்திரை ஞாபகம் வராது. மிச்சம் புதன். அந்த ஒரு நாள் அவர் வீட்டில் யார் பெயரிலும் இல்லை.

மாலையில் நானே குமரனை அழைத்தேன். தப்பு அம்மா மேல் இல்லை, கிழமை குறித்த என் மேல்தான், மருந்து வேலை செய்யவே இன்னும் ஆரம்பிக்கவில்லை, இன்னும் மூன்று மாதம் கொடு என்றேன். நான் மனசுக்குள் எல்லாக் கிழமைச் சாமிகளையும் கூப்பிட்டேன். அப்புறம் அவன் பெருமூச்சு விட்டான். "சரி ஆண்டி, மூணு மாசம் தர்றேன். ஆனா சாவி என்கிட்டதான் இருக்கும்."

தள்ளு

அந்த மூன்று மாதமும் இடியாப்பம் அடுத்த வீட்டுப் பெண்ணின் மோட்டாரில் போனது. புதன்தோறும் நான் போன் செய்வேன். மணி அடிக்கும் முன்பே எடுத்து, "போட்டாச்சு!" என்பார் லெட்சுமி அக்கா. ஆறாவது புதனில், கோப்பையைப் பிடிக்க முடிகிறது என்றார். பத்தாவது புதனில், இடியாப்ப அச்சை அவரே திருகிவிட்டாராம். எனக்குப் பூசை அறைக்கு ஓட வேண்டும் போல இருந்தது.

டாக்டர் பார்க்கும் நாளில் மிஸ்ஸி பிரஷர் பார்க்கும் பையைச் சுருட்டி அக்கா கையில் கொடுத்து, அமுக்கச் சொன்னார். முள் சர்ரென்று ஏறியது. டாக்டருக்குத் திருப்தி. குமரனுக்கு மட்டும் திருப்தி இல்லை. "பையை அமுக்கிறது வேற, பிரேக் வேற ஆண்டி." மிஸ்ஸி எங்களைக் கார் நிறுத்துமிடத்துக்கு அழைத்துப் போனார். அவன் வந்த மோட்டார் அங்கே நின்றது, அம்மாவின் அதே மோட்டார். இன்ஜினைப் போடாமல் அக்கா ஏறி உட்கார்ந்து, பிரேக்கை இறுக்கிப் பிடித்தார். குமரன் பின்னாலிருந்து தள்ளினான். நகரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளினான். நகரவில்லை. சட்டையெல்லாம் வேர்வை. லெட்சுமி அக்கா திரும்பிப் பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பு: "தள்ளுடா, நல்லாத் தள்ளு. இத்தனை வருஷம் நான் பிழிஞ்சு போட்ட இடியாப்பமெல்லாம் எங்க போச்சு?"

சாவி அங்கேயே கை மாறியது. ஏழு கிழமையில் ஒன்றை மாத்திரைக்கு விட்டுக்கொடுங்கள் என்று கேட்டால் சாமி உடனே சம்மதித்துவிடுகிறார், ஆட்களைச் சம்மதிக்க வைப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.